பதினாலாவது நட்டு

பதினாலு நட்டு. மூன்று தடவை எண்ணிவிட்டேன், பதினாலுதான். டிராக்டர் எஞ்சினின் மேல்மூடியை, ஹெட்டை, பிடித்துவைத்திருப்பது அவ்வளவுதான். கொம்பையா முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டி, ஸ்பேனர் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் சொருகி, மொத்த உடம்பையும் அதன்மேல் சாய்க்கிறான். வரவில்லை. ஏழு வருஷத் துரு, சும்மா வருமா. வரவே வராமல் போனால் என்ன என்று எனக்கு ஒரு நினைப்பு. ஸ்பேனர் வழுக்கி, நட்டின் முனையெல்லாம் மழுங்கி, ஆகாது அண்ணாச்சி, பழைய இரும்புக்குப் போட்டிருங்க என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டால். சொல்லமாட்டான். குழாயை உருவிவிட்டு நட்டின் தலையில் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டுகிறான். டீசல் விடுகிறான். மறுபடி சாய்கிறான். எனக்குப் பொறுமை கிடையாது, ஒருநாளும் கிடையாது. சீக்கிரம் ஆகட்டும் என்று தொடை ஆடுகிறது, ஆகவேண்டாம் என்று வயிறு சொல்கிறது, ரெண்டும் ஒரே உடம்பில். டக். விரல் நெட்டி முறிகிற மாதிரி ஒரு சத்தம். "ஒண்ணு வந்துட்டு அண்ணாச்சி." ம் என்றேன். அவன் நட்டைத் துடைத்துச் சாக்கின்மேல் வைக்கிறான். அடுத்து எதிர்க் கோடிக்குப் போகிறான். ஓரத்தில் ஒன்று, எதிர் ஓரத்தில் ஒன்று, கடைசியில் நடு. அப்படித்தான் கழற்ற வேண்டுமாம், இல்லாவிட்டால் ஹெட் கோணிக்கொள்ளுமாம். ஹெட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும். ஆயில் இல்லாமல் ஓடி இறுகின எஞ்சின் என்றால் சிலிண்டருக்குள் இருக்கிற லைனர் சுவரெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி கீறல் இருக்கும், மூன்று சிலிண்டரிலும் இருக்கும். தண்ணீர் இறங்கி இறுகினது என்றால் கீறல் இருக்காது, துரு இருக்கும், அநேகமாக ஒரே ஒரு சிலிண்டரில். எது என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷமாகத் தெரியும். ஊருக்குத் தெரிந்தது வேறு. இதே கொம்பையா, அப்போது என் டிரைவர், ஆயில் பார்க்காமல் ஓட்டி டிராக்டரைக் கொன்றுவிட்டான் என்பதுதான் ஊருக்குத் தெரியும். சொன்னவன் நான்.

ரெண்டாவது நட்டு லேசில் வந்துவிட்டது. இப்படி லேசில் வருவதும் உண்டா. நான் கொட்டகைத் தூணில் முதுகைச் சாய்த்துச் சிமெண்டுக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாது. என் தலைக்குப் பின்னால், தூணில் அடித்த ஆணியில், அந்த டப்பா தொங்குகிறது. பால்பவுடர் டப்பா. இன்று காலையில்தான் பார்த்தேன். ஏழு வருஷம் ஒரே இடத்தில் தொங்குகிற சாமானைக் கண் பார்ப்பதை விட்டுவிடும். முந்தாநாள் கொம்பையா வந்தான், டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி ஓட்டை வழியாக டீசல் ஊற்றினான், ஊறட்டும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிஷத்தில் போய்விட்டான். அப்போதும் அது அங்கேதான் தொங்கியிருக்கிறது, நான் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. இன்று அவன் பையைத் திறந்து ஸ்பேனரை வரிசையாக அடுக்கும்போது என் கண் சும்மா மேலே போனது. எடுத்து மறைக்கலாம் என்றால் அவன் முன்னால் எப்படி எடுக்க. அதனால் அதற்குக் கீழே உட்கார்ந்தேன். தலையால் மறைத்துக்கொண்டு. எழுபத்துமூன்று வயசில் ஒரு டப்பாவைத் தலையால் மறைத்துக்கொண்டு. "அண்ணாச்சி, அந்தப் பதினேழாம் நம்பரை இப்படித் தாங்க." எழுந்திருக்காமல் காலால் தள்ளிவிட்டேன். அவன் ஒன்றும் நினைக்கவில்லை. நான் எப்போதும் அப்படித்தான் என்று நினைத்திருப்பான். அதுவும் சரிதான்.

அந்த டப்பாவைச் செய்தவன் அவன்தான். டிராக்டருக்குச் சைலன்சர் வானத்தைப் பார்த்து நிற்கும். வண்டி நிற்கும்போது அதன் வாயை மூடவேண்டும், மூடாவிட்டால் மழை நேரே உள்ளே இறங்கும், எந்தச் சிலிண்டரின் புகை வால்வு திறந்து நிற்கிறதோ அதற்குள் போய் உட்காரும். எல்லோரும் ஏதாவது ஒரு தகரத்தைக் கவிழ்ப்பார்கள், சிரட்டையைக்கூடக் கவிழ்ப்பார்கள். கொம்பையா பால்பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து விளிம்பில் ரெண்டு ஓட்டை போட்டு, கம்பி கோத்து, காற்றில் பறக்காதபடி சைலன்சர் கழுத்தில் மாட்டுகிற மாதிரி செய்தான். கம்பி முனையை மூன்று முறுக்கு முறுக்கி, கையில் குத்தாமல் இருக்க உள்பக்கமாக மடக்கியிருப்பான். வேறு யாரும் அப்படி மடக்கமாட்டார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். என் வீட்டுக்காரி உலகம்மாள் சம்பங்கி மாலை கட்டியிருந்தாள். மாலையைச் சைலன்சரில் போடவேண்டும், டப்பா இருந்தால் மாலை நிற்கவில்லை, பார்க்கவும் நன்றாக இல்லை. டப்பாவை நான் எடுத்தேன். என் கையால். எடுத்து மாட்டுத்தொட்டிப் பக்கம் வைத்தேன். பழத்தை நசுக்கி வண்டியை ரெண்டு அடி முன்னால் எடுத்து நிறுத்தினோம். சாயங்காலம் கொம்பையா கிளம்பினான், மச்சினன் ஊரில் கோயில் கொடை, பன்னிரண்டு நாள் லீவு கேட்டிருந்தான். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், "அண்ணாச்சி, மாலைய எடுத்ததும் டப்பாவக் கவுத்திருங்க, மேக்க இருட்டிக்கிட்டு வருது." நான் என்ன சொன்னேன். "எனக்குத் தெரியாதாலே, நீ போ." அதுதான் சொன்னேன். எனக்குத் தெரியாதா. எனக்கு எல்லாம் தெரியும். மாலை காய்ந்து சருகாகும்வரை சைலன்சரில் கிடந்தது. ஆறு நாள் மழை.

"என்னவே ஆவுடையப்பா, தூணுக்கு முட்டுக் குடுக்கீரா?" மாசானம். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருப்பவன், இங்கே சுத்தியல் விழுந்தால் அங்கே கேட்கும், அங்கே பேசினால் இங்கே கேட்கும், அவ்வளவு பக்கம். கையில் ரெண்டு டீ. யாரும் சொல்லவில்லை, வேடிக்கை பார்க்க ஒரு சாக்கு. கொம்பையாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "ஏ ஜாமு! நீ ஜாமாக்குனத நீயே தொறக்க வந்திருக்கியாக்கும்? கொலகாரனே வந்து பொணத்த அறுக்கான் பாரு!" கொம்பையா சிரித்தான். சிரிக்கிறான். டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாசைத் திருப்பிக் கொடுத்தான். "சீனி போடவே மறந்துட்டியளா அண்ணாச்சி?" "ஒனக்கெல்லாம் சீனி எதுக்குலே, நீயே ஜாமு." எஞ்சின் இறுகிப்போனால் எங்கள் பக்கம் ஜாம் என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன் மாசானம்தான். அன்றைக்கு நான் அவன் கடையில் நின்று சொன்னேன், ஒரு பயலை நம்பி வண்டியைக் கொடுத்தேன், சொட்டு ஆயில் இல்லாமல் ஓட்டி ஜாமாக்கிவிட்டான் என்று. பத்துப் பேர் இருந்தார்கள். நான் அதிகம் பேசாதவன், நான் பேசினால் நிஜம் என்று நினைப்பார்கள். மறுநாளே ஜாம் கொம்பையா ஆகிவிட்டான். அப்புறம் சுற்றிலும் நாலு ஊரில் எவனும் அவனிடம் சாவியைக் கொடுக்கவில்லை. பதினெட்டு வருஷம் ஓட்டினவன். அவன் மகள் பள்ளிக்கூடம் போகும்போது பையன்கள் ஜாம் ஜாம் என்று பின்னால் கத்துவதை நான் என் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். உள்ளே போய்விடுவேன். கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் நாற்பத்தைந்து வயசில் மற்றவன் கழற்றின சாமானைக் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தான். இப்போது அங்கே எஞ்சின் வேலைக்கு அவன்தான். ஆனாலும் இந்த ஊர் எல்லைக்குள் வந்தால் ஜாம்தான்.

ஆறு, ஏழு. எட்டாவது நட்டு அரை சுற்றுச் சுற்றி நின்றுகொண்டது. அவன் அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகிறான். நானாக இருந்தால் உடைத்திருப்பேன். மாசானம் கிளாசை எடுத்துக்கொண்டு போய்விட்டான், கடையில் ஆள் கூப்பிட்டார்கள். நாங்கள் ரெண்டு பேர்தான். இப்போது சொல்லலாம். ஒவ்வொரு நட்டுக்கும் இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஹெட்டைத் தூக்குவதற்கு முன்னால் சொன்னால் அது சொன்னது. தூக்கினபிறகு சொன்னால் அது அகப்பட்டது. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. என்ன சொல்ல. டப்பாவை மாட்ட மறந்துவிட்டேன் கொம்பையா, மழை இறங்கிவிட்டது. அது மறதி. யாருக்கும் வரும். அவனும் போகட்டும் அண்ணாச்சி என்பான். அவ்வளவுதான் என்றால் நான் அன்றைக்கே சொல்லியிருக்க மாட்டேனா. அதற்குமேல் ஒன்று இருக்கிறது. அதன் கிட்டே போகும்போதெல்லாம் மனசு திரும்பிக்கொள்கிறது, மாடு பழகாத பாலத்தின்மேல் கால் வைக்காது பாருங்கள், அந்த மாதிரி. "அண்ணாச்சி." ம். "ஒண்ணு மட்டும் எனக்கு இத்தன வருசமாப் புரியல." அவன் என்னைப் பார்க்கவில்லை. நட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பூசை அன்னைக்குக் காலையில நான் ஆயில் பாத்தேன். ஆயில் குச்சிய உருவி, துண்டுல தொடச்சி, மறுபடி விட்டுப் பாத்தேன். மேல் கோடு வரைக்கும் இருந்துச்சு. அந்தத் துண்டு எந்தத் துண்டுன்னுகூட ஞாபகம் இருக்கு. ஆனா லீவு முடிஞ்சு வந்து, நீங்க சத்தம் போட்டப்புறம், நானே குச்சிய உருவுனேன். சொட்டு இல்ல. காஞ்சு கெடந்துச்சு. என் கண்ணால பாத்தேன்." குழாயைச் சாய்த்தான். "அப்ப நான் பாத்தது முந்தின வாரம் பாத்ததோ என்னமோ. மனசு ரெண்டு நாளையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிட்டுபோல. இப்பவும் பட்டறையில எந்த வண்டியத் தொட்டாலும் மூணு தடவ குச்சிய உருவிப் பாக்கேன் அண்ணாச்சி. சின்னப் பயலுவ சிரிக்கானுவ." டக். "ஒம்பது."

நான் நினைத்தது வேறு. இந்த ஏழு வருஷமும் அவனுக்கு உள்ளுக்குள்ளே தெரியும், தான் குற்றம் செய்யவில்லை என்று தெரியும், என்மேல் ஒரு கோபம் இருக்கும், அந்தக் கோபம் அவனுக்கு ஒரு தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன். அது ஒரு கணக்கு. அவன் என்னை வைவான், நான் வையப்படுவேன், சரியாகப் போயிற்று. அவன் என்னை வையவே இல்லை. அவன் என்னை நம்பியிருக்கிறான். தன் கண் பார்த்ததைவிட, தன் துண்டைவிட, என் சொல்லை நம்பி, ஏழு வருஷம் தினமும் குச்சியை மூன்று தடவை உருவிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தூணில் முதுகு ஒட்டுகிறது. வேர்வை. தூண் கறுப்பாக இருக்கிறது. இந்தக் கொட்டகைக்கு ஆறு தூண், ஆறும் கறுப்பு. கரையான் ஏறாமல் இருக்கக் கழிவு ஆயில் அடிப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான், யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள். போகிறது, நினைத்துவிடுகிறேன். அவன் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் விதைப்புக்காக வண்டியை எடுக்கப் போனேன். செல்ஃப் அடித்தால் டொக் என்று ஒரு சத்தம், அதற்குமேல் இல்லை. மாலைச் சருகு சைலன்சரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாட்டுத்தொட்டிப் பக்கம் டப்பா மல்லாக்கக் கிடந்தது, நிறைய மழைத்தண்ணீர், ஒரு கோழி அதில் குடித்துக்கொண்டிருந்தது. கோழி தலையைத் தூக்கித் தூக்கிக் குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். எனக்குப் பயமாக இல்லை, வண்டி போச்சே என்று வருத்தம்கூட அப்போது இல்லை. ஒரே ஒன்றுதான் மனசில் வந்தது. நாளைக்கு அவன் வந்து சைலன்சரைப் பார்ப்பான். சொன்னேன்லா அண்ணாச்சி என்பான். சொல்லக்கூட மாட்டான். சும்மா பார்ப்பான். அந்தப் பார்வையை என்னால் தாங்கமுடியாது என்று தோன்றிற்று. எனக்குத் தெரியாதாலே என்று சொன்னவன் நான். அடியில் படுத்து ஆயில் நட்டைத் திறந்தேன். முதலில் தண்ணீர் வந்தது, காப்பித்தண்ணி மாதிரி. அப்புறம் ஆயில். வாளி பிடித்தேன். கடைசிச் சொட்டுவரை விட்டேன். நட்டை மூடினேன். குச்சியை உருவித் துடைத்துக் காயவைத்துத் திரும்பச் சொருகினேன். அப்புறம் அந்த ஆயிலை அந்த டப்பாவிலேயே மொண்டு, பிரஷ்ஷால் ஆறு தூணுக்கும் அடித்தேன். சைலன்சர் சருகைப் பிய்த்துப் போட்டு, டப்பாவைப் பிரஷ்ஷோடு ஆணியில் மாட்டி, பொழுது இறங்குவதற்குள் முடித்துவிட்டேன். வேலை சுத்தம்.

உலகம்மாள் வருகிறாள், தூக்கில் கஞ்சி, ஒரு கிண்ணத்தில் துவையல். "கொம்பையா, கஞ்சி குடிச்சிட்டுப் பாரு தம்பி." "இன்னும் மூணுதான் மதினி, தூக்கிட்டு வந்து குடிக்கேன்." அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க என்ன, தூணோட ஒட்டிக்கிட்டீயளா? காலையிலருந்து ஒரே இருப்பு." முதுகு வலி என்றேன். "வலிக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குத் தெரியுமா. அன்றைக்குச் சாயங்காலம் தூணைப் பார்த்து இவ்வளவு ஆயில் ஏது என்று கேட்டாள், பழசு கிடந்தது என்றேன், அப்புறம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்கு உறுத்தல். இந்த ஏழு வருஷமும் ரிப்பேர் பேச்சை எடுத்தாலே நான் குதிப்பேன், அது எதுக்கு, செத்த வண்டி என்பேன். வாடகை டிராக்டர் ஊரெல்லாம் உழுதபிறகு கடைசியில் நம்ம காட்டுக்கு வரும், அதற்குள் ஈரம் ஓடிவிடும். போன ரெண்டு வருஷமும் விதை முளைக்கவே இல்லை. போன வாரம் அவள் என்னைக் கேட்காமல் போன் பண்ணிவிட்டாள். வேறு எவனையாவது கூப்பிட்டிருக்கலாம். கோவில்பட்டியில் மெக்கானிக்கா இல்லை. அவனைத்தான் கூப்பிட்டாள். "அந்த வண்டிய அவனைத் தவிர யாருக்குத் தெரியும்" என்றாள். கஞ்சித் தூக்கைக் கல்லில் வைத்துவிட்டுப் போகும்போது என் தலைக்கு மேலே ஒரு தடவை பார்த்தாளோ. பார்த்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டு. பதின்மூன்று. எட்டாவதாக விட்டுவைத்த அந்த நட்டு இன்னும் இருக்கிறது, அதுதான் இப்போது பதினாலாவது. சூடு காட்டுகிறான், பந்தம் மாதிரி சின்ன விளக்கு ஒன்று வைத்திருக்கிறான், டீசல் பட்ட இடமெல்லாம் துணியால் துடைத்துவிட்டுத்தான் காட்டுகிறான். இப்போது சொல்லு. இப்போது சொல்லு, கிழட்டு மூதேவி. கொம்பையா என்று வாயைத் திறந்தேன். "சொல்லுங்க அண்ணாச்சி." "கஞ்சி ஆறிரும்" என்றேன். டக். வந்துவிட்டது. ரெண்டு கையையும் கொடுத்து அவன் ஹெட்டை அசைத்தான், கட்டையால் ஓரத்தில் தட்டினான், இடையில் ஒட்டியிருந்த கேஸ்கட் தகடு பிசின் மாதிரி பிரிந்தது. "ஒரு கை பிடிங்க அண்ணாச்சி." பிடிக்க எழுந்திருக்க வேண்டுமே. நான் எழவில்லை. அவன் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தனியாகவே தம் கட்டித் தூக்கி, பக்கத்தில் மரப்பெட்டிமேல் வைத்தான். ஐம்பத்திரண்டு வயசு அவனுக்கு. மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்து பார்த்தான். முதல் சிலிண்டர், ரெண்டாவது சிலிண்டர், கண்ணாடி மாதிரி, சும்மா கொஞ்சம் கரி. மூன்றாவதில் டீசல் செம்மண் குழம்பாக நின்றது. துணியை விட்டு ஒற்றி எடுத்தான். சுவரைச் சுற்றி ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே துரு. தண்ணீர் நின்ற மட்டம். விரலால் தடவினான். முதல் சிலிண்டரைத் தடவினான். மறுபடி மூன்றாவதைத் தடவினான். "கீறலே இல்லயே" என்றான், யாரிடமோ சொல்கிற மாதிரி. "தண்ணில்லா எறங்கிருக்கு." சைலன்சரை அண்ணாந்து பார்த்தான். "டப்பா காத்துல பறந்திருக்கும்." நான் தப்பிக்க எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறான். அவன் அறியாமலே. போ என்கிறான். நான் ம் என்றேன். அதற்குள் அவன் முகம் மாறிற்று. "அப்ப ஆயிலு எங்க போச்சு அண்ணாச்சி?" "ஒழுகிருக்கும்" என்றேன். என் வாய்தான். யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது, எழுபத்துமூன்று வயசு வாய். அவன் அடியில் படுத்தான். டார்ச் அடித்தான். ரொம்பநேரம் பார்த்தான். "ஒழுகுன தடமே இல்ல. நட்டு இறுக்கமா இருக்கு." வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு நின்றான். தலையை ஆட்டினான். "அப்ப ரெண்டும் நடந்திருக்குபோல அண்ணாச்சி. மழையும் எறங்கிருக்கு. ஆயிலும் நான் பாக்கலபோல."

எழுந்தேன். திரும்பி, ஆணியிலிருந்து டப்பாவை எடுத்தேன். உள்ளே பிரஷ் காய்ந்து ஆயிலோடு கல்லாக ஒட்டியிருந்தது. அவன் கையில் கொடுத்தேன். வேறு என்ன செய்ய. அவன் வாங்கினான், என்ன ஏது என்று தெரியாமல் புரட்டினான், அப்புறம் பெருவிரல் கம்பி முனைக்குப் போயிற்று. மூன்று முறுக்கு, உள்பக்கம் மடக்கு. விரல் அங்கேயே நின்றது. மூக்குப் பக்கம் கொண்டுபோனான். தூணைப் பார்த்தான். அடுத்த தூணைப் பார்த்தான். ஒவ்வொன்றாக ஆறையும் பார்த்தான், எனக்கு ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் ஒரு வயசு போயிற்று. டீக்கடையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. "மேல் கோடு வரைக்கும் இருந்துச்சு" என்றான். "இருந்துச்சு" என்றேன். "நான் பாத்தேன்." "பாத்த." அவன் டப்பாவைப் பெட்டிமேல் வைத்தான். வைவான் என்று நின்றேன். அடித்தால்கூட நல்லது. ஒரு வேப்பங்கட்டையை எடுத்து மூன்றாவது பிஸ்டன்மேல் செங்குத்தாக நிறுத்தி, "பிடிங்க" என்றான். ரெண்டு கையாலும் பிடித்தேன். அவன் பெரிய சுத்தியலை எடுத்தான். எட்டு ராத்தல் இருக்கும். தலைக்குமேல் ஓங்கினான். நான் கையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு விரல் அளவு தவறினால் போதும், என் ரெண்டு கையும் கூழ். தவறட்டும் என்று இருந்தது. முதல் அடியில் தோள்வரை அதிர்ந்தது. ரெண்டு. மூன்று. தவறவில்லை. ஒரு தடவையும் தவறவில்லை. கட்டையின் நடுவில்தான் ஒவ்வொன்றும் விழுந்தது. அவன் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை காலி இல்லை. பதினேழாவது அடியோ பதினெட்டாவதோ, கட்டை என் கைக்குள் ஒரு நெல்மணி அளவு கீழே போனது. கைக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. நிறுத்தினான். "பிடி விட்டுட்டு" என்றான். பிஸ்டன் அசைந்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு அப்புறம். "லைனரும் ரிங்கும் மாத்தணும். வால்வு ரெண்டு உக்காரவைக்கணும். கிராங்கு நல்லாருக்கும். ஐப்பசிக்குள்ள ஓடும்." பட்டறையில் வந்தவனிடம் சொல்கிற மாதிரி சொன்னான். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

சுத்தியலை ஊன்றிக்கொண்டு நின்றான். நான் மன்னிச்சிரு என்று சொல்லப்போனேன், அவன் கையை உயர்த்தினான். "இங்க சொல்லாதீங்க. இது எனக்கு இப்பத் தெரிஞ்சிட்டு. அன்னைக்கு எங்க நின்னு சொன்னீயளோ அங்க போய்ச் சொல்லுங்க." "நீயும் வாயேன்." "நான் வரமாட்டேன். நான் நின்னா, பாவம்னு எனக்காகச் சொல்லுதீயன்னு நெனப்பாங்க." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், கறுப்பு முகமெல்லாம் இழுகிற்று. டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டு நடந்தேன். எதிர்ச்சாரிதான், இருபது தப்படி இருக்கும். பதினோரு மணி, கடையில் ஆள் நிறைந்து கிடக்கும். திரும்பிப் போய்விடலாமா என்று எட்டு வைக்கும்போதெல்லாம் நினைத்தேன், பின்னால் சுத்தியல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது, சின்னச் சுத்தியல், பிஸ்டனைச் சுற்றித் தட்டிக்கொண்டிருக்கிறான், அந்தச் சத்தம் முதுகில் தள்ளிக்கொண்டே வந்தது. டப்பாவைக் கிளாஸ் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். மாசானம் பாலை ஆற்றிக்கொண்டே பார்த்தான். "என்னவே, பாலா வேணும்? டப்பாவ நல்லாக் கழுவிட்டுக் கொண்டாரும்!" பெஞ்சில் சிரித்தார்கள். "கொம்பையா ஆயில் பாக்காம ஓட்டல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "டப்பாவ எடுத்தது நான். ஆயில எறக்குனதும் நான்." சிரிப்பு நின்றது. மாசானம் கிளாசைக் கீழே வைத்தான். "எந்த டப்பா? எந்த ஆயிலு?" ஓரத்தில் இருந்த ஒருத்தன், "எப்ப நடந்ததுங்கீங்க?" என்றான். இன்னொருத்தன், "ஜாமா? அவனுக்கு அவங்க அப்பன் காலத்துலருந்தே அந்தப் பேருதான்னுல்லா நெனச்சேன்." எல்லோர் முகத்தையும் பார்த்தேன். ஆயில் கதை யாருக்கும் ஞாபகம் இல்லை, மாசானத்துக்கே வண்டியை ஜாமாக்கினவன் என்பது மட்டும்தான். நான் சொன்னதை எல்லாரும் மறந்துவிட்டார்கள், பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான் ரெண்டே வாக்கியத்தில் முடித்துவிடலாம் என்று வந்தேன். எனக்கு அவ்வளவுதான் வரும். மாசானம் பெஞ்சில் இடம் காட்டினான். "உக்காந்து மொதல்லருந்து சொல்லும்வே." உட்காரவில்லை. அன்றைக்கும் நின்றுகொண்டுதான் சொன்னேன். "ஆயுத பூசை அன்னைக்கு" என்றேன். நிறுத்தி, இன்னும் சத்தமாக ஆரம்பித்தேன். "ஆயுத பூசை அன்னைக்கு, கொம்பையா எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான்." எதிரே கொட்டகையில் சுத்தியல் சத்தம் நின்றது.